படுத்துப் பார்த்த பிறகுதான் பெயின்ட்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் வீட்டு அலங்காரக் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் போன மாதம் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். சுற்றுலாவில் தங்கிய ஹோட்டல் அறையை வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்பது தலைப்பு. இப்போது அதுதான் ஓடுகிறதாம். வாடிக்கையாளர் கேரளாவில் தங்கிய ரிசார்ட்டைப் படம் எடுத்து செல்போனில் அனுப்புகிறார். இவர்கள் அவருடைய படுக்கையறையைக் கம்ப்யூட்டரில் அதேபோல வரைந்து காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவன் கேட்டான்: "அங்கிள், உங்க காலத்துல ஐடியா எல்லாம் எங்கேந்து எடுத்தீங்க?"

"படுத்து எடுத்தேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு மைக்கில் விளக்கப் பொறுமை இல்லை, வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அதற்காக அந்த வார்த்தையை மாற்றப்போவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் போளூர் பக்கம். ஏழாம் வகுப்பு முடிக்கவில்லை. லாரி கிளீனராக ஏறி வேலூரில் இறங்கினேன், அங்கே ஒரு லாட்ஜில் வாளியும் துடைப்பமும் கையில் கொடுத்தார்கள். அதன்பிறகு பெங்களூர், மைசூர், கோவா, ஜெய்ப்பூர் என்று எந்த ஊரிலும் நிலையாக நிற்கவில்லை. சில இடங்களில் ரூம் பாய், சில இடங்களில் பெயின்டருக்கு எடுபிடி. கோவாவில் மஞ்சள் காமாலை வந்தபோது அழுக்கு பெட்ஷீட் மூட்டைகளின் மேலேயே கிடந்தேன். எழுந்து நடக்க முடிந்ததும் வேலை இல்லை என்றார்கள். அடுத்த ஊருக்கு ரயில் ஏறினேன். வீடே இல்லாதவனுக்கு வீட்டு அலங்காரம் என்ன தெரியும் என்று பின்னால் சிலர் கேட்டார்கள். இந்த ஊரில் என்னைவிட அதிக அறைகளுக்குள் போய்வந்தவன் ஒருத்தன் இருந்தால் அவன் வந்து கேட்கட்டும்.

எண்பத்தொன்பதில் ஊட்டியில் ஒரு ஹோட்டலில் இருந்தேன். அங்கே அறைகளுக்கெல்லாம் பொறுப்பு பிலோமினா மேடம். குன்னூர்க்காரர், குள்ளம், எந்நேரமும் கம்பளிச் சட்டை, பேசும்போது ஆள் முகத்தைப் பார்க்கமாட்டார். மற்ற ஹோட்டல்களில் சூப்பர்வைசர் என்றால் கதவோரம் நின்று விரலால் மேஜையைத் தடவித் தூசி பார்ப்பார். இந்த அம்மா அப்படி இல்லை. நாங்கள் அறையைத் தயார் செய்துவிட்டோம் என்று சொன்னதும் வருவார், செருப்பைக் கழற்றுவார், கட்டிலில் ஏறி நேராக மல்லாந்து படுத்துக்கொள்வார். கை இரண்டும் பக்கத்தில். கண் கூரையில். அந்த நிலையில் இருந்துதான் பேச்சு வரும்.

"ஃபேன் இறக்கைக்கு மேல தூசி. நிக்கற உனக்குத் தெரியாது. காசு குடுத்துப் படுக்கறவனுக்கு ராத்திரி பூரா அதான் தெரியும்."

பிறகு இடது பக்கம் ஒருக்களிப்பார். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதா என்று பார்ப்பார். வலது பக்கம் ஒருக்களித்து, தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டுவார். விளக்கின் சுவிட்ச் கைக்கு அகப்பட வேண்டும், தண்ணீர் டம்ளர் கைக்கு அகப்பட வேண்டும். அகப்படவில்லை என்றால் மேஜையை நகர்த்தச் சொல்வார். கடைசியில் எழுந்து விரிப்பை அவரே இழுத்துச் சரிசெய்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். நல்லா செஞ்சே என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு நாள் நான் திரைச்சீலை விஷயத்தில் எதிர்த்துப் பேசினேன். "நீ படு" என்றார். நான் அழுக்குச் சட்டையோடு நின்றேன். "படுக்காத ரூமைப் பத்தி வாய் பேசாத. படு." படுத்தேன். திரைச்சீலை இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு வெயில் நேராக என் கண்ணுக்குள் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் ஒரு வருஷம்கூட நான் தங்கவில்லை. ஆனால் நான் படித்த படிப்பு என்றால் அதுதான்.

திருவண்ணாமலைக்கு வந்தபோது ஊர் மாவட்டத் தலைநகர் ஆகியிருந்தது. வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ், அதைச் சுற்றிப் புதுப்புது வீடுகள். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை அறைகள். தயாளன் என்ற பெயின்டிங் கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். வாடகை அறை வைத்திருந்தவர்கள் ரோஸ் கலர் அடித்து, டியூப் லைட் போட்டு, பிளாஸ்டிக் பூக்கொத்தைத் தொங்கவிட்டு, "ஏன் ஒருத்தனும் ரெண்டாவது தடவை வர்றதில்ல?" என்று கேட்பார்கள். பூக்கொத்தைக் கழற்றி, நடுக்கூரை டியூப் லைட்டை அணைத்து, கட்டில் ஓரம் ஒரு மஞ்சள் விளக்கு வைத்துக் கொடுத்தேன். வந்தவர்கள் போகவில்லை.

அதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். டூர் போய்வந்தவர்களுக்கு ஊர் திரும்பியதும் ஒரு வாரம் சொந்த வீடு பிடிக்காது. அந்த வாரத்தில்தான் என்னைத் தேடுவார்கள். ஒரு ரைஸ் மில்காரர் ஜெய்ப்பூரில் தங்கிவிட்டு வந்து, படுக்கையறை வாசலுக்கு அரண்மனை மாதிரி வளைவு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வாசல் குறுகும் என்றேன், கேட்கவில்லை. வளைத்துக் கட்டிய பிறகு மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த பீரோ உள்ளே நுழையவில்லை. வளைவை இடி என்றார் அவர் மனைவி. இடிக்கக் கூடாது என்றார் அவர். பீரோ இன்னமும் அவர் வீட்டு ஹாலில்தான் நிற்கிறது.

இதனால் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அந்த அறை எப்படி இருந்தது என்று யாரையும் கேட்பதில்லை. "உள்ளே போனதும் முதல்ல என்ன பண்ணீங்க?" என்றுதான் கேட்பேன். ஜன்னலைத் திறந்தேன் என்பார் ஒருத்தர். குளிச்சேன் என்பார் இன்னொருத்தர். கண்ணாடியில என்னைப் பார்த்தேன் என்றார் ஒரு வாத்தியார். எதைச் செய்தார்களோ அதுதான் அவர்களுக்கு வேண்டியது. மற்றதெல்லாம் ஹோட்டல்காரனுக்கு வேண்டியது.

கலைச்செல்வியிடமும் அப்படித்தான் கேட்டேன்.

அவர் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். கணவர் அதே ஆபீஸில் வேலை பார்த்தவர், பைக் விபத்தில் இறந்துபோக, கருணை அடிப்படையில் இவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரே மகள் வேலூரில் ஹாஸ்டலில் படித்தாள். கணவர் கட்டிய வீடு: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. ஆபீஸ் பெண்கள் சேர்ந்து மைசூர் டூர் போனபோது கூட வரவேண்டிய சிநேகிதி வராததால் இவருக்கு ஹோட்டலில் தனி அறை அமைந்துவிட்டது.

"ரூம்குள்ள போனதும் முதல்ல என்ன பண்ணீங்கம்மா?"

"தாழ்ப்பாள் போட்டேண்ணா" என்றார். "எட்டு மணி வரைக்கும் தூங்கனேன். யாரும் என்னைக் கூப்பிடல."

படுக்கையறைக் கதவைப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் இருந்தன. கணவர் இறந்தபோது இவர் ஏதாவது செய்துகொள்வார் என்று பயந்து சொந்தக்காரர்கள் கழற்றிவிட்டார்கள். துக்கம் முடிந்தது, வேலையில் சேர்ந்தார், மகள் பெரியவள் ஆனாள். தாழ்ப்பாள் மட்டும் திரும்ப வரவில்லை. அதோடு பௌர்ணமி. கிரிவலம் பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பௌர்ணமிதோறும் கிராமத்திலிருந்து வேன் வரும். இவர் வீட்டுக்குக் கணவரின் அண்ணன் ஆறுமுகம் தன் ஜனத்தோடு வருவார். மலை சுற்றுவதற்கு முன்னால் படுப்பார்கள், சுற்றிவிட்டு வந்தும் படுப்பார்கள். ஹால் நிறைந்துவிடும், படுக்கையறையும் நிறைந்துவிடும். கலைச்செல்வி சமையலறையில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் படுத்துக்கொள்வார்.

"என்ன கலர்மா?"

"சிவப்பு. ஒரு செவுரு மட்டும். குங்குமச் சிவப்பு."

கூட வந்திருந்த தயாளன் மெதுவாகச் சொன்னார்: "மேடம், லைட் ரோஸ் எடுப்பா இருக்கும். சிவப்பு... நாலு பேர் வந்து போற வீடு."

"நெத்தியில வெக்கக் கூடாதுன்னாங்க. செவுத்துல வெச்சுக்கறேன்" என்றார் கலைச்செல்வி.

மறுநாள் நான் தனியாகப் போனேன். கட்டில் வரப்போகிற இடத்தில் செய்தித்தாளை விரித்துப் படுத்தேன். தெரு விளக்கு எங்கே விழும், கை எவ்வளவு தூரம் நீளும் என்று பார்த்து, பென்சிலால் சுவரில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கிராமத்திலிருந்து அரிசி மூட்டை கொண்டுவந்த ஆறுமுகம் உள்ளே வந்தார். தம்பி பெண்டாட்டி வீட்டுப் படுக்கையறையில் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை ஒருத்தன் மல்லாந்து கிடக்கிறான். அவள் கையில் டீயோடு வருகிறாள்.

"எவன்டா நீ? இன்னாடா பண்ற இங்க?"

"ஒரு நிமிஷம் இருங்க. சுவிட்ச் எடத்துக்கு மார்க் போட்டுட்டு எழுந்துக்கறேன்" என்றேன்.

அன்றைக்கு நான் துள்ளி எழுந்து கைகட்டி நின்றிருக்கலாம் என்று தயாளன் பின்னால் சொன்னார். எதற்கு நிற்க வேண்டும்? நான் வேலையில் இருந்தேன். துள்ளி எழுந்திருந்தால்தான் அது தப்பு மாதிரி ஆகியிருக்கும். ஆறுமுகம் என் சட்டையைப் பிடித்தார். கலைச்செல்வி டீயைத் தரையில் வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றார்.

"கைய எடுங்க மாமா. அவர் பெயின்டர்."

"பெயின்டருக்குப் படுக்கையறையில இன்னா படுக்கை? குடும்பம் இருக்கற வூட்ட லாட்ஜ் ஆக்கறியா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி லாட்ஜ்தானே மாமா இது. நான்தான் ரூம் பாய்."

ஆறுமுகம் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். அவர் தன் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர். அங்கே சமுதாயக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பெயின்டிங் வேலை தயாளனுக்கு வருவதாக இருந்தது. சாயங்காலம் தயாளன் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார். தயாளன் கோபித்து நான் பார்த்ததில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, நல்ல சேதி சொல்வதுபோலத்தான் எதையும் சொல்வார்.

"ஏழுமலை, அந்த வேலையை விட்டுடலாம்பா. நாம செவுத்துக்குப் பெயின்ட் அடிக்கறவங்க, குடும்பத்துக்கு இல்ல."

"செவுரு குடும்பத்துக்குள்ளதானே மேஸ்திரி இருக்குது."

"நீ இன்னிக்கி இந்த ஊரு, நாளைக்கி வேற ஊரு. நான் இங்கயே இருக்கறவன்."

"அப்ப நான் தனியா செஞ்சுக்கறேன். உங்க பேரு இதுல வேணாம்."

தயாளன் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் எனக்கு வேலை கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. வேலையை விட்டுப் போவது எனக்குப் பழகின விஷயம். விடாமல் ஒரு இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

வேலையைச் சொல்கிறேன், இளைஞர்களுக்கு உபயோகப்படும். குங்குமச் சிவப்பு லேசில் ஏறாது. வெள்ளைச் சுவரில் நேராக அடித்தால் திட்டுத் திட்டாக ரோஸ் தெரியும். சுவரின் குழிகளைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்து, முதலில் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்தேன். அது காய்ந்த பிறகுதான் சிவப்பு. மைசூர் அறையில் ஜன்னலுக்கு இரட்டைத் திரை இருந்ததாம். வெளிச்சத்தை அடைக்கிற துணி அன்றைக்கு நம் ஊரில் கிடைக்காது. குடை ரிப்பேர் செய்கிறவரிடம் கறுப்புக் குடைத்துணி வாங்கி, உள்பக்கம் வைத்துத் தைக்கச் சொன்னேன். பகலில் இழுத்துவிட்டால் உள்ளங்கை தெரியாது. கட்டில் ஓரம் விளக்கு, அதற்குப் பென்சில் புள்ளி வைத்த இடத்தில் சுவிட்ச். பெரிய விளக்குக்குக் கதவோரம் ஒரு சுவிட்ச், கட்டிலோரம் ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் அணையும். கட்டிலுக்கு அடியில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாத்திரமும் பழைய டிரங்குப் பெட்டியும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறவரை அது படுக்கையறை இல்லை, குடோன்.

கடைசியில் தாழ்ப்பாள். பித்தளையில் வாங்கியிருந்தேன். நம் ஆசாரிகள் கதவின் உச்சியில் வைப்பார்கள், எக்கிப் போட வேண்டும். ஹோட்டலில் இடுப்பு உயரத்தில் இருக்கும். அங்கேயே வைத்தேன். முதல் ஸ்க்ரூ ஏறியபோது ஆறுமுகம் மறுபடி வந்தார். இந்தத் தடவை மனைவி காசியம்மாவையும் அழைத்துவந்திருந்தார்.

"பெயின்ட் வேணா அடிச்சிக்க. தாழ்ப்பாள் கூடாது" என்றார் ஹாலில் உட்கார்ந்துகொண்டு. "அதை எடுத்ததே நாங்கதான். உன் நல்லதுக்கு."

"அப்ப பயந்தீங்க, சரி மாமா. இப்ப நான் தூங்கத்தான் போறேன். தூங்கறதுக்கும் பயப்படுவீங்களா?"

"பொம்பள தனியா இருக்கற வூட்ல உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கினா ஊரு இன்னா பேசும்?"

"தெறந்து போட்டுட்டுப் படுத்தா நல்லதா பேசுமா?"

ஆறுமுகம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அந்தத் தாழ்ப்பாள் ஏறுச்சுன்னா நாங்க யாரும் இந்த வாசப்படி மிதிக்கமாட்டோம். நாளைக்கி உன் பொண்ணுக்கு மாப்பிள பேச, தாய் மாமனும் இல்லாதவளுக்கு, யாரு வந்து சபையில உக்காருவான்? யோசிச்சிக்க."

கலைச்செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அறைக்குள் நான் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றேன். காசியம்மா இதற்குள் அறை வாசலுக்கு வந்திருந்தார். ஊரிலிருந்து வேனில் வருகிற ஜனத்துக்கெல்லாம் இட்லி அவித்து, தூக்கில் குழம்பு கட்டி எடுத்துவருகிற பெண்மணி. கணவர் பேசுவதைக் கேட்டதாகவே காட்டவில்லை. சிவப்புச் சுவரைப் பார்த்தார். பிறகு சன்னமாக என்னைக் கேட்டார்: "இந்த சுவிச்சு படுத்துக்கினே போடலாமா?"

"போடலாம்மா."

"எழுந்துக்கவே தேவையில்லியா?"

"தேவையில்ல."

ஹாலிலிருந்து கலைச்செல்வியின் குரல் வந்தது. நடுங்கித்தான் வந்தது. "அண்ணா, மீதி ஸ்க்ரூவையும் இறுக்குங்க."

இறுக்கினேன். ஆறுமுகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். காசியம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தபடியே பின்னால் போனார்.

கோபம் பௌர்ணமி வரைதான். ஊரில் லாட்ஜ் எதிலும் இடம் இல்லை, இருந்த இடத்தில் கேட்ட வாடகைக்கு ஆறுமுகத்தின் வீராப்பு ஈடுகொடுக்கவில்லை. வேன் வழக்கம்போல வேங்கிக்காலுக்கே வந்தது. நான் விட்டுவந்த ஏணியை எடுக்க மறுநாள் காலையில் போனேன். நன்றாக விடிந்திருந்தது. ஹால் முழுக்க மலை சுற்றிய ஜனம் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஆறுமுகம் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, சாத்தியிருந்த படுக்கையறைக் கதவை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மணி இன்னா ஆவுது. காபி இல்ல, தண்ணி இல்ல. தட்டி எழுப்புங்கடி அவள."

சமையலறையிலிருந்து காசியம்மா எட்டிப் பார்த்தார். "யாரும் தட்டக் கூடாது. காபி நான் போடறேன்."

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. கலைச்செல்வி வெளியே வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது, முடி கலைந்திருந்தது. தூங்கி எழுந்த முகம். அந்த வீட்டில் அந்த முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பது அவர்கள் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. காசியம்மா ஒரு டம்ளர் காபியை அவர் கையில் கொடுத்தார். இன்னொரு டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டார். அவிழ்ந்திருந்த கொண்டையோடு அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஏய், என் காபி எங்கடி?" என்றார் ஆறுமுகம்.

இடுப்பு உயரத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் விழுந்தது. கட்டில் ஒரு தடவை முனகியது. பிறகு சுவிட்ச் சத்தம் மட்டும் கேட்டது. போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

நான் ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.